பட்டறைக்கு வாடகை யார் தருவது?

ஆங்கிலத்தில் ‘மேக்கர்ஸ்’ என்ற ஒரே பெயரில் இரண்டு புஸ்தகங்கள் இருக்கின்றன. 2009-ல் வந்தது கோரி டாக்டரோ எழுதிய நாவல். 2012-ல் வந்தது க்ரிஸ் ஆண்டர்ஸன் என்ற பத்திரிகாசிரியர் எழுதிய வியாபார நூல். பெயரைத் தமிழில் ‘செய்பவர்கள்’ என்று சொல்லலாம். ‘கைவினைஞர்கள்’ என்றால் பொருள் குறுகிவிடும். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். நாவலாசிரியன் கற்பனை செய்வான், வியாபாரம் தெரிந்தவன் கணக்குச் சொல்வான் என்றுதான் நாம் சாதாரணமாக எதிர்பார்க்கிறோம். இங்கே விஷயம் தலைகீழாக இருக்கிறது. கணக்கு நாவலில் இருக்கிறது. கட்டுக்கதையின் இனிமையெல்லாம் வியாபார நூலில் இருக்கிறது.

இரண்டுக்கும் விஷயம் பொதுப் பட்டறை. நம் வாசகர்களில் சிலருக்கு இது புதிதாக இருக்கலாம் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நூல்நிலையத்தில் சந்தா கட்டிவிட்டுப் புஸ்தகம் எடுக்கிறோம் அல்லவா, அதே மாதிரி மாதச் சந்தா கட்டிவிட்டு உள்ளே போய் லேத், வெல்டிங் சாதனம், தையல் இயந்திரம், லேசரால் பலகையையும் தகட்டையும் வெட்டும் இயந்திரம், பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காக இட்டுப் பொருளை வளர்க்கும் முப்பரிமாண அச்சு இயந்திரம் எல்லாவற்றையும் உபயோகித்துக்கொள்ளலாம். சொந்தமாக வாங்கினால் ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பும் போதாது. ஒருவன் மனத்தில் ஒரு பொருளின் உருவம் இருக்கிறது. கையில் கருவி இல்லை. அந்தக் கருவியைக் கொடுத்துவிட்டால் அவன் பொருளைச் செய்வான், விற்பான், நான்கு பேருக்கு வேலை கொடுப்பான், ஆலை மூடிப்போன ஊர் மறுபடியும் தலையெடுக்கும். இதுதான் தத்துவம். கோயம்புத்தூர்க்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். ஒரு பட்டறையில் கடைசல், அடுத்ததில் துளை, அதற்கடுத்ததில் முலாம் என்று ‘ஜாப் வொர்க்’ கொடுத்து வாங்கும் தெருக்கள் அங்கே வெகுகாலமாக இருக்கின்றன. அவற்றுக்கு யாரும் தத்துவம் எழுதவில்லை.

ஆண்டர்ஸன் தம் நூலைப் பாட்டனாரிடமிருந்து தொடங்குகிறார். ஸ்விட்ஸர்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடியேறிய ஃப்ரெட் ஹவுஸர், தானாகவே தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் ஒரு சாதனத்தைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தவர் அதைத் தாமே உற்பத்தி செய்ய முடியவில்லை; தொழிற்சாலை வைத்திருப்பவனிடம் காப்புரிமையைக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று அவர் பேரன் அதே மாதிரி ஒன்றைத் தானே வடிவமைத்துத் தானே செய்து விற்கலாம் என்கிறார். அழகான தொடக்கம். பாட்டனாரைப் பற்றிய பக்கங்களில் பாசம் இருக்கிறது, மரப்பட்டறையின் வாசனை இருக்கிறது. பிறகு உதாரணங்கள் வரிசையாக வருகின்றன. செயிண்ட் லூயிஸில் கண்ணாடி ஊதிக் கலைப்பொருள் செய்யும் ஜிம் மெக்கெல்வி, கடன் அட்டை வாங்க வசதியில்லாததால் ஒரு விற்பனையை இழந்தார். அந்த எரிச்சலில் கைபேசியில் சொருகும் ஒரு சிறு அட்டைவாசிப்பானின் மாதிரியை டெக்‌ஷாப் என்ற பொதுப் பட்டறையில் தாமே செய்தார். அதுதான் பிறகு ‘ஸ்கொயர்’ என்ற பெரிய கம்பெனியாயிற்று. இது உண்மைக் கதை; நல்ல கதையும்கூட.

குறை எங்கே என்றால், இந்த நூலில் ஒருவராவது தோற்பதில்லை. முந்நூறு பக்கங்களில் யாருக்கும் வாடகை பாக்கி இல்லை, யாருடைய மனைவியும் ‘இந்த மாசம் என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று கேட்பதில்லை. நாவலாசிரியன் இப்படி ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோனால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். வியாபார நூல் என்றால் மட்டும் நாம் ஏன் இதைப் பொறுத்துக்கொள்கிறோம் என்று தெரியவில்லை.

காலம் இந்த நூலுக்குப் பின்னிணைப்பு எழுதிவிட்டது. ஆண்டர்ஸன் தாமே ஜோர்டி முன்யோஸ் என்ற மெக்ஸிகோ இளைஞருடன் 2009-ல் தொடங்கிய 3டி ரோபாடிக்ஸ் கம்பெனி, சான் டியாகோவிலும் எல்லைக்கு அப்பால் டிஹுவானாவிலும் ஆளில்லாச் சிறு விமானங்கள் செய்தது. ஷென்ஜென் நகரத்து டிஜேஐ கம்பெனியின் விலைக்கும் வேகத்துக்கும் ஈடுகொடுக்க முடியாமல் 2016-ல் விமானம் செய்வதையே விட்டுவிட்டு மென்பொருளுக்குத் திரும்பியது. நூலில் புகழப்படும் மேக்கர்பாட் கம்பெனியின் கதையும் அப்படித்தான். 2009-ல் ப்ரூக்ளினில் ஒரு பொதுப் பட்டறையில் கூடிய நண்பர்கள் தொடங்கியது அது. வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருந்தார்கள். ஆண்டர்ஸனின் நூல் வெளிவந்த 2012-லேயே புது இயந்திரத்தின் வரைபடங்களை மூடிவிட்டார்கள். 2013-ல் ஸ்ட்ராடஸிஸ் என்ற கம்பெனி 40 கோடி டாலருக்கு மேல் பெறுமான பங்குகளைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. 2016-ல் ப்ரூக்ளின் தொழிற்சாலை மூடப்பட்டு, உற்பத்தி சீனாவுக்குப் போய்விட்டது. வேலை ஊருக்குத் திரும்பி வரும் என்று சொன்ன நூலில் முன்மாதிரியாக நின்ற கம்பெனியின் வேலையே ஊரைவிட்டுப் போயிற்று.

இப்போது நாவலுக்கு வருகிறேன். டாக்டரோ கனடாவில், டொராண்டோவில் பிறந்தவர். விஞ்ஞானக் கதைகள் எழுதுகிறவர். ‘மேக்கர்ஸ்’ வருங்காலக் கதை என்றாலும் நாளை மறுநாள் நடக்கிற கதை. கோடாக் கம்பெனியும் டியூராஸெல் கம்பெனியும் நொடித்துப்போய் ஒன்றாகின்றன. அவற்றின் தலைவர் கெட்டில்வெல் தொழிற்சாலைகளை நம்புவதை விட்டுவிட்டு, ஊர் ஊராகச் சின்னஞ்சிறு குழுக்களைத் தேடிப் பிடித்து முதல் கொடுக்கிறார். நாவல் வெளிவந்து இரண்டரை வருஷத்துக்குள், 2012 ஜனவரியில், நிஜமான கோடாக் திவால் மனுப் போட்டது. நாவலாசிரியனுக்கு இந்த மாதிரி அதிர்ஷ்டம் எப்போதாவதுதான் வாய்க்கிறது. அதற்காக அவனைத் தீர்க்கதரிசி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஃப்ளோரிடாவில் ஹாலிவுட் என்று ஓர் ஊர். (சினிமா ஹாலிவுட் வேறு.) அங்கே கைவிடப்பட்ட ஓர் அங்காடி வளாகத்தில் பெர்ரி, லெஸ்டர் என்ற இருவர் குப்பையில் எறிந்த பேசும் பொம்மைகளைப் பிரித்து, அவற்றையெல்லாம் சேர்த்து ஒரு காரை ஓட்ட வைக்கிறார்கள். இவர்களைப் பற்றி எழுத சுஸான் என்ற பத்திரிகைக்காரி வருகிறாள். இவர்கள் வேலை செய்யும் பக்கங்கள்தான் நாவலின் உயிர். நம் நாவல்களில் கதாநாயகன் காலையில் ஆபீஸுக்குப் போகிறான், மாலையில் வருகிறான். நடுவே அவன் கை என்ன செய்தது என்று நமக்குத் தெரிவதில்லை. காதலும் கல்யாணமும் தெரியும், வேலை தெரியாது. டாக்டரோவுக்கு வேலை தெரியும். ஒரு திருகாணி மரை கழன்றுபோய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும்போது மனுஷனுக்கு வருகிற கோபமும், இரண்டு பேர் பேசாமலே ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கருவி போகும்போது உண்டாகிற நட்பும் அவருக்குத் தெரியும்.

இன்னொரு நல்ல காரியம் செய்திருக்கிறார். ட்ஜான் என்று ஒரு நிர்வாகியை உள்ளே கொண்டுவருகிறார். இந்த மாதிரிக் கதைகளில் கணக்குப் பார்க்கிறவன் வில்லனாக வருவதுதான் வழக்கம். ட்ஜான் வில்லன் இல்லை. இந்தப் பொருளைப் பத்து மாதத்தில் பத்துப் பேர் பார்த்துச் செய்துவிடுவார்கள், லாபம் கரைந்துவிடும், அதற்குள் அடுத்த பொருளுக்குப் போய்விட வேண்டும் என்று நிதானமாகச் சொல்கிற நல்ல மனிதன். யாரும் எதையும் செய்யலாம் என்றால், நான் செய்ததையும் யாரும் செய்யலாம். பொதுப் பட்டறையின் பொருளாதாரத்தில் உள்ள மர்மமே இதுதான். ஆண்டர்ஸன் தப்பித்துக்கொண்டு போன இடத்தில் நாவலாசிரியர் நின்று பார்க்கிறார். முதல் பாகத்தின் முடிவில் அந்த ‘புது வேலை’ இயக்கமே சரிந்து, நம்பி வந்த ஆயிரக்கணக்கானவர்கள் நடுத்தெருவில் நிற்கிறார்கள். 2009-ல், எல்லாரும் கைதட்டத் தொடங்கியிருந்த நேரத்தில், இதை எழுதுவதற்குத் தைரியம் வேண்டும்.

அதற்குப் பிறகு நாவல் வழி தவறுகிறது. பெர்ரியும் லெஸ்டரும் காலியாகக் கிடக்கும் வால்மார்ட் கட்டடம் ஒன்றில், அந்த இயக்கத்தின் நினைவுப் பொருள்களை வைத்து ஒரு ராட்டினச் சவாரி அமைக்கிறார்கள். பார்ப்பவர்களின் வாக்குப்படி அது மாறிக்கொண்டே இருக்கும். மற்ற ஊர்களிலும் அதே மாதிரி முளைக்கும். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. டிஸ்னி கம்பெனி வழக்குப் போடுகிறது, வக்கீல்கள் வருகிறார்கள், வக்கீல்களுக்கு முதலீடு செய்பவர்கள் வருகிறார்கள், பக்கங்கள் வளர்கின்றன. எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள், அது டாக்டரோவின் குரல். பெர்ரி பேசினாலும் கெட்டில்வெல் பேசினாலும் ஒரு புத்திசாலி மேடையில் நின்று பேசுகிற மாதிரியே இருக்கிறது. எதிரே குடிசை போட்டிருக்கும் ஏழைகளுக்குப் பெர்ரி பரிந்து நிற்கிறான், அவர்களுக்காக அடியும் படுகிறான். ஆனால் அவர்களில் ஒருவர் வீட்டுக்குள்ளாவது நாவலாசிரியர் உட்கார்ந்து ஒரு வேளைச் சோறு சாப்பிட்டதாகத் தெரியவில்லை. பட்டறையால் ஊர் பிழைத்ததா என்பதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தாம். அவர்கள் சாட்சிக் கூண்டுக்கே அழைக்கப்படவில்லை.

பெரிய குறை ஒன்று இருக்கிறது. கதை நடக்கும் இடத்தைக் கவனியுங்கள். முதலில் கைவிடப்பட்ட அங்காடி வளாகம், பிறகு காலி வால்மார்ட். யாரும் வேண்டாத இடங்கள். வாடகை என்ற பாரமே கதையில் யார் தோளிலும் ஏறுவதில்லை. டாக்டரோவின் கதாபாத்திரங்களைப் பங்குச்சந்தை வீழ்த்துகிறது, டிஸ்னி வீழ்த்துகிறது, பொறாமைக்காரப் பத்திரிகைக்காரன் வீழ்த்தப் பார்க்கிறான். நிஜத்தில் பொதுப் பட்டறையை வீழ்த்தியது இவர்களில் யாரும் இல்லை. மாதாமாதம் முதல் தேதி வருகிற கட்டடச் சொந்தக்காரன்.

டெக்‌ஷாப்பின் கதையைப் பார்க்கலாம். மெக்கெல்வி மாதிரி செய்த அதே பட்டறைதான். ஜிம் நியூட்டன் என்பவர் 2006-ல் கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க்கில் தொடங்கினார். தமக்கு வேண்டிய இயந்திரங்கள் கிடைக்கிற ஓர் இடம் வேண்டும் என்ற ஆசையில் தொடங்கியது. மாதச் சந்தா நூறு டாலருக்கு மேல். டெட்ராய்ட் பக்கத்தில் ஃபோர்டு கம்பெனி கூட்டுச் சேர்ந்தது. அரிஸோனாவில் ஒரு பல்கலைக்கழகம் சேர்ந்தது. பிட்ஸ்பர்க், செயிண்ட் லூயிஸ், ப்ரூக்ளின் என்று அமெரிக்காவில் பத்து இடங்களில் பரவியது. 2014 ஜூனில் வெள்ளை மாளிகையிலேயே ‘செய்பவர்’ திருவிழா நடந்து ஜனாதிபதி ஒபாமா சுற்றிப் பார்த்த காலம் அது. 2017 நவம்பர் 15-ஆம் தேதி பத்துக் கதவுகளும் ஒரே நாளில் மூடின. உறுப்பினர்களுக்கு முன்னறிவிப்பு இல்லை. பாதி செய்த சாமான், சொந்தக் கருவி, விற்பனைக்கு எடுத்துவைத்த சரக்கு எல்லாம் பலருக்கு உள்ளே மாட்டிக்கொண்டன.

மூடும்போது நிர்வாகம் சொன்ன காரணத்தில் நேர்மை இருந்தது. நகராட்சியோ கம்பெனியோ தர்ம ஸ்தாபனமோ வெளியிலிருந்து பணம் போடாமல், சந்தாவை மட்டும் நம்பி இதை லாபகரமாக நடத்த முடியவில்லை என்றார்கள். கணக்கை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். இயந்திரங்கள் கனமானவை, இடத்தை அடைக்கும், பழுதாகும். புதிதாக வருபவன் விரலை வெட்டிக்கொள்ளாமல் இருக்கப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும், இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும். நகரத்தின் நடுவே இருந்தால்தான் ஜனங்கள் வருவார்கள். நடுவே வாடகை அதிகம். ஊருக்கு வெளியே போனால் வாடகை குறையும், வருகிறவர்களும் குறைவார்கள். இன்னொன்றும் உண்டு. சந்தா கட்டி வந்தவன் ஜெயித்துவிட்டால் சொந்த இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவான். தோற்றுவிட்டால் சந்தா கட்டுவதை நிறுத்திவிடுவான். இரண்டு விதத்திலும் பட்டறைக்கு நஷ்டம். நூல்நிலையத்துக்கு ஒப்பிட்டார்களே, நூல்நிலையம் லாபம் காட்ட வேண்டும் என்று எந்த ஊரிலாவது யாராவது கேட்டதுண்டா? டெக்‌ஷாப் மூடிய பிறகு பிட்ஸ்பர்கில் உள்ளூர்க்காரர்கள் கூடி ப்ரோடோஹேவன் என்று லாப நோக்கில்லாத ஒரு பட்டறையை ஆரம்பித்தார்கள். அவர்களுக்குப் பாடம் புரிந்திருக்கிறது.

பொதுப் பணத்தில் நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு பார்ஸிலோனா இருக்கிறது. அந்த நகராட்சி பேட்டைதோறும் ஒரு பட்டறை திறக்கத் திட்டம் போட்டது. ஸியூடாட் மெரிடியானா என்பது நகரத்தின் வடகோடியில் உள்ள ஏழைப் பேட்டை. வீட்டுக் கடன் கட்ட முடியாமல் வெளியேற்றப்பட்டவர்கள் அங்கே அவ்வளவு அதிகம். ‘வெளியேற்றப் பேட்டை’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 2013-ல் அங்கே பட்டறைக்கென்று நகராட்சி எடுத்துக்கொண்ட கட்டடத்தில் அதுவரை இல்லாதவர்களுக்கு உணவு வழங்கும் இடம் இருந்தது. பேட்டைக்காரர்கள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தார்கள். அரிசியும் பருப்பும் இருந்த இடத்தில் லேசர் இயந்திரம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. பேச்சுவார்த்தை நடந்து, இளைஞர்களுக்குத் தொழில் பயிற்சி முக்கியம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பட்டறை நடந்தது. அந்த ஒரு நாளை, உணவுப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பெண்களையும், வாசலில் வரைபடத்தோடு வந்து நின்ற எஞ்சினீயரையும் வைத்து ஒரு நாவல் எழுதலாம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறதே! டாக்டரோவின் நாவலில் வக்கீல்களுக்குக் கொடுத்த இடத்தில் கால்பங்கு இப்படி ஒரு காட்சிக்குக் கிடைத்திருந்தால் போதும்.

இந்த யோசனை 2000-க்குப் பிறகு கலிஃபோர்னியாவில் பிறந்தது என்று இரண்டு நூல்களும் ஒரு தோற்றத்தைக் கொடுக்கின்றன. அதுவும் சரியில்லை. லண்டனில் 1983-லேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அதற்கு முன்கதை: லூகாஸ் ஏரோஸ்பேஸ் என்ற விமானப் பொருள் கம்பெனி ஆட்குறைப்புச் செய்யப் பார்த்தபோது, 1976-ல் தொழிலாளர்களே கூடி ஒரு மாற்றுத் திட்டம் தயாரித்தார்கள். யுத்தத் தளவாடத்துக்குப் பதில் சிறுநீரக இயந்திரம், வெப்பம் இறைக்கும் பம்ப், சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி என்று சுமார் 150 பொருள்களை எழுதிக்கொடுத்தார்கள். நிர்வாகம் ஏற்கவில்லை. அவர்களில் முக்கியமானவரான மைக் கூலி 1981-ல் வேலையை இழந்தார். லண்டன் மாநகர சபை அவரைக் கூப்பிட்டுத் தொழில்நுட்பப் பொறுப்பைக் கொடுத்தது. ‘தொழில்நுட்ப வலைகள்’ என்று ஐந்து பொதுப் பட்டறை அமைப்புகள் தோன்றின. வேலையில்லாதவர்களும் கல்லூரி ஆசிரியர்களும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்பது நோக்கம். கல்லூரி வாசலை மிதிக்கக் கூச்சப்பட்டவர்களுக்காகக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் இடம் பார்த்தார்கள். 1986-ல் தாட்சர் அரசாங்கம் மாநகர சபையையே கலைத்தது; பட்டறைகள் பணமில்லாமல் வாடின.

கூலியின் ‘சிற்பியா, தேனீயா?’ என்று தமிழில் சொல்லக்கூடிய சிறு நூல் 1980-ல் வந்தது. நடை முரடாகத்தான் இருக்கிறது. ஆண்டர்ஸனின் வழவழப்பு அதில் கிடையாது. ஆனால் லேத்தில் நின்றவன் தலையில் இருந்த அறிவை இயந்திரத்துக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டு அவனை வெறும் பொத்தான் அழுத்துகிறவனாக ஆக்குவது எப்படி நடக்கிறது என்று அவர் சொல்கிற பக்கங்களுக்கு ஈடாக மற்ற இரண்டு நூல்களிலும் எதுவும் இல்லை.

நம் தேசத்துக்கும் இதில் ஓர் இடம் உண்டு. மஹாராஷ்டிரத்தில் புனாவுக்கு அருகில் பாபல் என்ற வறண்ட கிராமத்தில் டாக்டர் கல்பாக் என்பவர் 1983-ல் விஞ்ஞான ஆசிரமம் ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்காவில் படித்துப் பெரிய கம்பெனியில் ஆராய்ச்சி செய்தவர். ஓய்வு பெற்றபின் கிராமத்துக்குப் போனார். பள்ளிக்கூடப் படிப்பு ஓடாத பையன்களுக்கு வெல்டிங், மண் பரிசோதனை, மின்சார வேலை எல்லாம் ஊராருக்கு உண்மையிலேயே செய்துகொடுக்கும் வேலை மூலமாகக் கற்பித்தார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட், ‘ஃபேப் லேப்’ என்ற பட்டறைகளைத் தம் ஊருக்கு வெளியே கொண்டுபோனபோது 2002-ல் முதலில் கொண்டுபோன இடம் இந்தப் பாபல். அங்கே அவர்கள் செய்யப் பார்த்தது பாலின் தரம் சோதிக்கும் சாதனம், டீஸல் எஞ்சினைச் சரிப்படுத்தும் சாதனம். 2005-ல் வந்த கெர்ஷன்ஃபெல்டின் நூலில் கல்பாக் வரும் பகுதி சிறியது, மனத்தில் நிற்பது. அங்கே பட்டறை தனியாக நிற்கவில்லை. முன்பே இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் திண்ணையில் வந்து உட்கார்ந்தது. வாடகைப் பிரச்னைக்கு நான் படித்த நூல்களில் கண்ட ஒரே பதில் அதுதான்.

டாக்டரோவின் நாவலை வாசகர்கள் படிக்க வேண்டுமா என்றால், படிக்கலாம் என்பேன். முதல் பாகத்தை முழுதாகப் படியுங்கள். நடுவே டிஸ்னி வழக்கு வரும் இடங்களைத் தள்ளிக்கொண்டே போகலாம்; நஷ்டமில்லை. கடைசிப் பின்னுரையை விட்டுவிடக் கூடாது. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு பெர்ரி நண்பனைத் தேடி வருகிறான். உடல் இளைக்க எடுத்துக்கொண்ட வைத்தியமே லெஸ்டரின் உயிருக்கு யமனாகிவிட்டது. டிஸ்னியில் அவனுக்கு நல்ல சம்பளம் கிடைத்தது; ஆனால் அவன் செய்தது எதுவும் வெளியே வரவில்லை. பெர்ரியிடம் வீடு வாசல் ஒன்றும் இல்லை. இருவரும் பழைய பேச்சுப் பேசிவிட்டு, ஏதோ ஒரு சாமானைப் பிரித்து மேஜைமேல் பரப்புகிறார்கள். அதை விற்க முடியுமா என்று இருவரும் கேட்டுக்கொள்வதில்லை.